இடப்பக்கக் கதவு

மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பினேன். சேலம் ஜங்ஷனுக்கு என் கணவர் காரோடு வந்திருந்தார். மத்தியான வெயிலில் அந்தச் சில்வர் நிற வண்டியின் இடப்பக்க முன்கதவு மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரிந்தது.

"ஏனுங்க, இந்தக் கதவு மட்டும் வேற மாதிரி இருக்குதுங்களே?"

"வெயிலுக்கு அப்படித் தெரியுது. ஏறு."

ராசிபுரத்தில் என்னை வாசலிலேயே இறக்கிவிட்டு, இடப்பக்கம் சுவரை ஒட்டும்படி வண்டியை நிறுத்தினார். அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே புகுந்து பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரில் சில்வர் பொடி படிந்திருந்தது. பெயிண்ட் அடித்திருக்கிறார்; என்னிடம் மறைக்கிறார். யார் மீதாவது ஏற்றிவிட்டாரோ? சேந்தமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போகலாம் என்றேன். பஸ்ஸில் போவோம் என்றார். பழைய பேப்பர்களை எடுத்து விபத்துச் செய்திகளைத் தேடினேன்.

தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெயிண்ட் பட்டறைக்கு நானே வண்டியை ஓட்டிப் போனேன்.

பட்டறைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்லா அடி வாங்கியிருக்குதுங்க. கம்பெனி கலர் நம்பர் ஒண்ணுதான். ஆனா பழசு வெயில்ல மங்கியிருக்கும், அதுக்குத் தகுந்தாப்புல கலக்கோணும். சில்வர் சேர்றது கஷ்டமுங்க. ஆனாலும் அடிச்சு முடிச்சு வண்டிய எடுக்கறப்ப பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே?"

சாயங்காலம் அவரிடம் நேராகவே கேட்டேன். "யாரை இடிச்சீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஆளையெல்லாம் இடிக்கலை. தோட்டத்துப் பாலத்துச் சுவரு. ரெண்டு கண்ணும் மங்கலாத்தான் தெரியுது, எடது ரொம்ப மோசம். உங்கிட்டச் சொன்னா வண்டியைத் தொட உடமாட்டேன்னுதான்..."

அதையும் நான் முழுதாக நம்பவில்லை. மறுநாள் பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் நீளமாக ஒரு சில்வர் கீறல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபமா, நிம்மதியா, தெரியவில்லை.

சேலத்தில் அவருக்கு இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்துப் புரை ஆபரேஷன் ஆனது. தேறிய பிறகு வண்டி முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளவு வித்தியாசமாவா இருந்துச்சு? எனக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது."

கதவை அந்தப் பட்டறையிலேயே திரும்ப அடிக்கக் கொடுத்தோம். வாங்கப் போன அன்று, "கலர் சேந்துடுச்சுங்க" என்றார் பட்டறைக்காரர். வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொல்லி நான் ஒரு பக்கமாகச் சுற்றி வந்தேன். இன்னொரு பக்கமாக என் கணவரும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.