பட்டியலில் போன பிரிண்டர்

பார்வையற்றோர் நூலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் ‘லிஸ்ட் அக்கா’ என்பார்கள். அங்கே ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதற்கான மென்பொருள்கள் ஒரு பொதுக் களஞ்சியத்திலிருந்து வரும். கவனிக்க ஆளில்லாதவற்றை அதை நடத்துபவர்கள் தூக்கிவிடுவார்கள். தூக்கியவற்றின் பட்டியல் தினமும் வெளியாகும். மூன்று வருடங்களுக்கு முன், பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள் ஒரு அப்டேட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒரு வாரம் நூலகமே வாயடைத்துக் கிடந்தது. அதிலிருந்து காலையில் வந்ததும், தோளில் பையோடு நின்றபடியே அந்தப் பட்டியலைப் படிப்பாள்.

“இன்னிக்கு யார் யாரு போய்ச் சேர்ந்தாங்க?” என்று கணவர் போன் செய்து கிண்டலடிப்பார்.

“சிரிக்காதீங்க. ஒண்ணு போனாலும் இங்க வேலை நின்னுடும்.”

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தொன்பதாவது வரியில் பிரெயில் பிரிண்டரை ஓட்டும் மென்பொருள் இருந்தது. ‘பொறுப்பாளர் இல்லை. நீக்கப்பட்டது.’ மணி ஒன்பது ஐம்பது. பத்து மணிக்கு அப்டேட் தானாக ஓடி அதை அழித்துவிடும். விழுந்தடித்து ஓடி, பிரிண்டர் அறைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார், அங்கே பிரெயில் தாள்களில் பிழை திருத்துபவர். பிறவியிலேயே பார்வையில்லாத அவர், விரலால் படித்துக்கொண்டிருந்த தாளை மடியில் வைத்தார். அவள் சொன்னாள்.

“வயரைப் பிடுங்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க? அடுத்த மாசம் பரீட்சைத் தாள் அடிக்கணுமே.”

அந்த மென்பொருளை நீக்கியவருக்கு எழுதினாள். ‘யாராவது பொறுப்பேற்றால் திரும்பச் சேர்க்கலாம்’ என்று பதில் வந்தது. அவளுக்குப் புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை. அரை நாள் தயங்கிவிட்டு, ‘நான் ஏற்கிறேன்’ என்று அனுப்பினாள்.

மென்பொருளின் பழைய நிரல், அதை இயங்கும் வடிவுக்கு மாற்றும் புதிய கம்பைலரில் ஏறவில்லை. ஒவ்வொரு பிழையாகத் தேடி, இணையத்தில் ஊர் பேர் தெரியாதவர்களைக் கேட்டு, பதினோராவது தடவையில் ஏற்றினாள். இரண்டு வாரத்தில் மென்பொருள் களஞ்சியத்துக்குத் திரும்பியது. வயரை மறுபடி சொருகினாள்.

மூன்றாம் நாள், அதே மென்பொருளைப் பயன்படுத்தும் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல்: ‘உங்கள் புதிய பதிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி விழவில்லை.’

ஒரு பக்கத்தை அடித்து எடுத்துக்கொண்டு பிழை திருத்துபவரிடம் ஓடினாள். “கடைசி வரி இருக்கா பாருங்க சார்.”

விரல் தாளின் அடிவரை இறங்கி நின்றது. “இல்லையேம்மா.”

“நான்தான் சார் கெடுத்துட்டேன். பரீட்சைத் தாள் போயிருந்தா கடைசிக் கேள்வியே இருந்திருக்காது.”

“போகலையே. உக்காருங்க. நீங்க சரி பண்ணுங்க, நான் ஒவ்வொண்ணா தடவிப் பாக்கறேன்.”

நிரலில், பக்கத்தின் வரிகளை எண்ணுமிடத்தில் அவள் ஒன்றைக் குறைத்து எழுதியிருந்தாள். திருத்தி அடித்த நாற்பது பக்கங்களையும் அவர் அடிவரை தடவி, “இருக்கு, இருக்கு” என்று சொல்லச் சொல்ல, அவள் அடுத்த தாளை நீட்டிக்கொண்டிருந்தாள்.