ஹால் அதிர்ந்த ஆமென்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நர்ஸ் வேலையில டாக்டர்கிட்டயே எதிர்த்துப் பேசுறவ நான். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வாய் எங்கே போச்சுன்னு இன்னும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்.

குவைத்துல, ஃபர்வானியாவுல ஒரு பிளாட் ஹால்லதான் எங்க ஜெபக்கூட்டம். முப்பது பேர், எல்லாம் தமிழ் ஆட்கள். கொரோனாவுல மூடினதை ரெண்டு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் திறந்தோம். பாய் விரிக்கும்போதே பாதிப்பேர் அழுதுட்டோம். பாஸ்டர் அதுக்கேத்த பிரசங்கமாத்தான் ஆரம்பிச்சார்: பாபிலோன்ல சிறையிருந்து திரும்பின யூதர்கள். மதில் இல்ல, சுத்தியும் பகை. ஆனாலும் ஒரே மனசா கூடி முதல்ல பலிபீடத்தைத்தான் கட்டினாங்க. கேக்கவே உடம்பு சிலிர்த்துச்சு.

அப்புறம் கதையோட பின்பகுதிக்கு வந்தார். ஆலயம் எழும்பி வருஷங்கள் கழிச்சு, அந்நிய ஜனத்துல பெண் எடுத்தவங்க அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிடணும்னு முடிவாச்சாம். அடைமழையில நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும், சரி, அப்படியே செய்யறோம்னு சொல்லுச்சாம்.

"இதுதான் கீழ்ப்படிதல். நாமளும் சுத்தமாத் தொடங்கணும். அவிசுவாசியைக் கட்டினவங்க, துணை ஞானஸ்நானம் எடுக்கிறவரை வெளியே இருக்கட்டும். ஒருமனமா ஆமென் சொல்லுங்க" அப்படின்னார்.

எங்க கூட்டத்துல அப்படி இருந்தது ஒருத்திதான். கிளினிக் ஒண்ணுல ரிசப்ஷன்ல வேலை. ராமநாதபுரத்து இந்துப் பையனைக் கட்டிக்கிட்டதால பெத்தவங்க அவளைத் தலை முழுகிட்டாங்க. "வெள்ளிக்கிழமை பாக்குற நீங்கதான்க்கா எனக்குச் சொந்தக்காரங்க"ம்பா. அவளைக் கூட்டிட்டு வந்து சேர்த்துவிட்டதே நான்தான்.

பாஸ்டர் கேட்டதும் ஆமென் சொல்லிப் பழகின நாக்கு எங்களுது. ஹாலே அதிர்ந்துச்சு. அதுல அவ குரலும் இருந்துச்சு, எப்பவும்போல கணீர்னு! சொல்லி முடிச்ச பிறகுதான் அவளுக்கே உறைச்சுது. மடியில இருந்த மகளைத் தூக்கிக்கிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளியே போனா. ஒருத்தரும் எழுந்திரிக்கல. நானும்தான்.

அதுக்கப்புறம் வேதத்துல அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பாக்கேன். அனுப்பின ஆம்பளைங்க பேரெல்லாம் வரிசையா இருக்கு. போன பொம்பளைங்க எங்கே தங்கினாங்க, பிள்ளைங்க அப்பாவைத் தேடுச்சா, ஒரு வரி கிடையாது. பாவி மக, நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன். வார்டுல ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு அவ ஆமென் காதுல விழும். கை நின்னுடும்.

போன மாசம் ஃபஹாஹீல் போற பஸ்ல ஏறினா, காலியா இருந்தது அவ பக்கத்து சீட்டுதான்.

"ஏட்டி, நல்லாருக்கியா?"

"இருக்கேன்க்கா. பாப்பா ஸ்கூல் போறா."

"வெள்ளிக்கிழமை என்னட்டி செய்யுத?"

"துணி துவைப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். அவளே என் கையைப் பிடிச்சா.

"உங்கமேல எனக்கு வருத்தமே இல்லக்கா. உங்க குரல் எனக்குத் தெரியும்லா? அன்னைக்கு அந்த ஆமென்ல அது கேக்கவே இல்ல. முப்பது பேர்ல நீங்க ஒருத்தராவது ஆமென் சொல்லாம இருந்தீங்களேன்னுதான் மனசைத் தேத்திக்கிட்டேன்."

நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். ஆனா நானும் ஆமென் சொல்லியிருந்தேன். யாரை வெளியே அனுப்பச் சொல்றார்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவளுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு மெதுவாச் சொன்னேன்.