கவிஞரின் வாழ்விலிருந்து நான் விட்ட ஏழு வருடங்கள்

சுவீடன் நாட்டுக் கவிஞர் ஒருவரைப் பற்றி நான் கட்டுரை எழுதுவது கல்முனைச் சந்தையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் வாப்பா சொன்னதுதான். “அந்தச் சுவீடன்காரன் உங்கட சொந்தமா காக்கா?” என்று பக்கத்துக் கடைக்காரர் வாப்பாவைக் கேலி செய்தாராம்.

எனக்கு அவர் சொந்தம்தான். மரம் வெட்டுபவரின் மகன். பழைய யாப்பை உதறிவிட்டுப் புதுக்கவிதை எழுதியவர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பக்கம் நின்றவர். அவர் வீட்டில் முதன்முதலில் படித்தவர் அவர். எங்கள் வீட்டில் நான். இந்த ஒற்றுமையை ஒரு பந்தியாக எழுதி வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஆனால் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஏழு வருடங்கள் அவர் வேறொரு நாட்டுச் சர்வாதிகாரியைப் புகழ்ந்து எழுதினார். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களை எல்லையிலேயே திருப்பி அனுப்பச் சொன்னார். பின்னர் அதற்காக வருந்தவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், “போர்க்காலத்தில் அதிகம் எழுதவில்லை” என்று ஒரே வரியில் கடந்துவிட்டேன். ஜனாஸா வீட்டில், இறந்தவரை நேற்றுவரை ஏசியவர்கூட “நல்ல மனிசன்” என்றுதான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் சஞ்சிகை ஆசிரியர் பக்கங்களைத் தொலைபேசிக்கு அனுப்பினார். அந்த வரியைப் பார்த்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரைக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“மௌத்தான மனிசன்ட குறைய ஏன் புள்ள கிளறுறாய்? அவர் வந்து பதில் சொல்லுவாரா?”

“அவர் திருப்பி அனுப்பச் சொன்ன ஆக்களும் மௌத்தாத்தான் போனாங்க உம்மா.”

உம்மா கழுவிய மீனையே மறுபடி கழுவினார்.

ஆசிரியரை அழைத்தேன். பக்கம் நிரம்பிவிட்டது, ஒரு பந்தி சேர்ப்பதென்றால் ஒரு பந்தியை எடுக்க வேண்டும் என்றார். பொய் வரியை நீக்கி, அந்த ஏழு வருடங்களையும் எழுதி அனுப்பினேன். நான் எடுக்கச் சொன்னது, அவரும் நானும் முதலில் படித்தவர்கள் என்ற பந்தியை.

சஞ்சிகை வந்த நாள் வாப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோனார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரரை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

“அவரும் நம்மளப் போல எண்டு எழுதினியே மகள், அது எங்க?”

“இடம் காணல்ல வாப்பா.”

“ஓம்” என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். இடம் இருந்திருந்தாலும் அதை நான் எடுத்திருப்பேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.