கரன்ட் கம்பி வராத வீட்டில் மிளகு காய்ந்த கதை

கண்ணுகளா, கரன்ட் கம்பியே வராத இந்த வீட்டுக்கு நாம் எப்படிக் குடிவந்தோம் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். அப்போது நீங்கள் கரடியூரில் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். நாம் இருந்த எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

இந்த வீட்டைத் தானே வரைந்து கட்டிய ஆர்க்கிடெக்ட் மேடம், சென்னைக்குப் போகும்போது என்னையும் உங்கள் அம்மாவையும் இங்கே தங்கச் சொன்னார். திரும்பி வரும்வரை சரியாகப் பார்த்துக்கொண்டால் காவல் வேலையும் பின்னறையும் நமக்கு என்றார்.

எனக்கு எல்லாமே அதிசயம். கூரையில் விழும் மழையெல்லாம் தரைக்கடியில் ஒரு தொட்டியில் தேங்கிக் கிடக்கிறது என்றதும், நின்ற இடத்திலெல்லாம் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். வீட்டின் முதுகு மலைச்சரிவில் புதைந்திருப்பதால், பின்பக்கம் போனால் அப்படியே கூரைமேல் நடக்கலாம். சோலார் பலகைகள் இருப்பதும் அங்கேதான். பேட்டரிப் பெட்டியில் பச்சை எரிந்தால் நிறைந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் தீரப்போகிறது. அவ்வளவுதான் பாடம்.

மேடம் வருவதற்கு முதல் நாள் சிவப்பு எரிந்தது. மேகமே இல்லை, சுள்ளென்று வெயில். மிக்சியைக்கூடத் தொடவில்லை என்றாள் உங்கள் அம்மா. மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கூரைக்குக் கொண்டுபோய் விட்டது. பலகைகள்மேல் உங்கள் அம்மாவின் பழைய சேலை. ஓரத்தில் கல் வைத்து, சேலை முழுக்க மிளகு காயப் பரப்பியிருந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, கருப்பா நொம்பச் சூடா கெடந்துச்சு. மொளகு காயப்போட இதவிட நல்ல எடம் எங்கீங்க இருக்குது?"

"அது வெயில் குடிக்கற பலகை புள்ள. நீ சேலையப் போத்துனா அது எதக் குடிக்கும்?"

அவள் முகம் செத்துப்போயிற்று. மேடத்திடம் சொல்ல வேண்டாம், இந்த இடமும் போய்விடும் என்றாள். ஆனால் சேலையை எடுத்த பிறகும், மதியம் மேடம் வந்து இறங்கும்போது சிவப்பு அணையவில்லை. என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

மேடம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்து, "நல்லா காஞ்சுதா?" என்றார்.

"ரெண்டே நாள்ல கருகருன்னு ஆயிருச்சுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே பாறைமேல போடுங்க. பசங்கள எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

அடுத்த நாள் உங்களை அழைத்துவர அம்மா பஸ் ஏறினாள். மேடமும் வெளியே போயிருந்தார். பெட்டியில் பச்சை எரிந்தது. நான் சமையலறைக்குப் போய், பட்டப்பகலில் விளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தேன்.