வாழையா, கோஸா?

போன வாரம் கோவை பீளமேடு விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில்... தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. அந்த வெயிலில் புடவைக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று ஒரு புதுப்பெண் காரிலிருந்து இறங்கினால் ஜனம் பார்க்காமல் என்ன செய்யும்?

அவள் எங்கள் பக்கத்து வீட்டுக் கவிதா. புருஷனோடு சிகாகோ கிளம்புகிறாள். அந்த ஸ்வெட்டர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் வாழைப்பழத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவள் அப்பா சென்னியப்பன், சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். ஒரே மகள். ஐப்பசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். கார்த்திகையில் கல்யாணம், கையோடு அமெரிக்கா – இதுதான் பேச்சு.

அப்போதுதான் அவர்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. அதன் கதவில் சந்தனம், குங்குமமெல்லாம் வைத்திருந்தார் மனிதர். நிச்சயத்துக்கு வாங்கிய பூவன் பழம் வாடிவிடக் கூடாதே என்று, முன்கூட்டியே ஆசை ஆசையாக அதற்குள் அடுக்கிவிட்டார்.

நிச்சயத்தன்று எடுத்துத் தட்டில் வைத்தால்... அத்தனையும் கரிக்கட்டை!

வேறு பழம் வாங்க ஆள் ஓடியது. அதற்குள் சம்பந்தியம்மா பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு இப்படிக் கருத்துப்போன பழமுங்களா?"

குரலில் மரியாதை இருந்தது. முகத்தில்தான் இல்லை. சென்னியப்பன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கவிதாதான் முன்னால் வந்தாள். வேளாண்மையில் ஆராய்ச்சி செய்தவள். குளிரும் வறட்சியும் வந்தால் செடிக்குள் என்ன ஆகிறது என்பதுதான் அவள் பாடம்.

"சகுனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை. பழத்துக்குக் குளிர் தாங்கலீங்க."

"அதெப்படி?" என்றார் மாப்பிள்ளை.

"ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு இருக்குதுங்க. கொழுப்பால ஆனது. மார்கழியில தேங்காயெண்ணெய் உறைஞ்சு போகுதில்லீங்களா? அந்த மாதிரி வாழையோட சவ்வும் குளிர்ல இறுகி, ஒழுக ஆரம்பிச்சிருது. உள்ளே தனித்தனியா இருந்ததெல்லாம் ஒண்ணாக் கலந்து தோல் கருத்துப்போகுதுங்க. உரிச்சுப் பாருங்க, உள்ளே நல்லாத்தான் இருக்கும்."

மாப்பிள்ளை ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "இனிக்குதுங்கம்மா!" கூடமே சிரித்தது.

"அப்ப எல்லாச் செடியும் இப்படித்தானுங்களா?" – மறுபடியும் அவர்தான்.

"இல்லீங்க. முட்டைக்கோஸ் நாத்து இருக்குதுங்களே, அதைத் திடீர்னு கடுங்குளிர்ல வெச்சாச் செத்துப்போகும். கொஞ்சங்கொஞ்சமாக் குளிரைக் காட்டினா, சவ்வுல இருக்கற கொழுப்பையே மாத்திக்குமுங்க. தேங்காயெண்ணெய் மாதிரி இருந்தது நல்லெண்ணெய் மாதிரி, லேசுல உறையாத கொழுப்பா ஆயிரும். அப்புறம் பனியே விழுந்தாலும் தாங்கிக்கும். அதுக்கு நாள் வேணுமுங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினோம். சென்னியப்பன் ஆட்டவில்லை. கையில் ஒரு கறுத்த பழத்தை வைத்துக்கொண்டு மகளையே பார்த்தபடி இருந்தார்.

"கண்ணு... நீ வாழையா, கோஸா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அந்த ஊர்ல மார்கழி, தையெல்லாம் ஒரேயடியாப் பனியாமுங்க. இந்தப் புள்ளை ஊட்டிக்குப் போனாலே ஒதடு வெடிச்சுத்தான் வரும். கல்யாணத்தைச் சித்திரைக்கு வெச்சுக்கலாமுங்களா? வெயில் காலத்துல போனா, குளிர் வாரதுக்குள்ள மெதுவாப் பழகிக்குவா."

லீவு வாங்கி வந்திருக்கிற மாப்பிள்ளையிடம் அரை வருஷம் பொறு என்றால்? இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சம்பந்தம் முறிந்ததில்லையா நம் பக்கத்தில்? சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். மகன் பழத்தோலைக் கீழே வைத்தார்.

"சித்திரைல திரும்பி வாரனுங்க மாமா."

அவ்வளவுதான். புதுப் பழம் வந்தது, தட்டு மாற்றினார்கள். சொன்னபடி சித்திரையில் கல்யாணமும் ஆனது. நடுவில் சென்னியப்பன் ஊட்டிக்கே போய்த் தேடித் தேடி வாங்கியவைதான் அந்த ஸ்வெட்டரும் கோட்டும் மஃப்ளரும்.

அவகாசம் வேண்டும் என்று அவர் கேட்டது மகளுக்காக மட்டும்தானா? நிச்சயத்துக்கு அப்புறம் மனிதர் பட்டறையிலிருந்து பொழுதோடு வீடு வந்துவிடுவார். மகளோடு உட்கார்ந்து காபி குடிப்பார். பேச்சு பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பிரிவு வருகிறது என்று தெரிந்தால் நாம் எல்லோருமே கொஞ்சம் நாள் கேட்கத்தானே செய்கிறோம்? காரணம் மட்டும் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறோம்.

விமான நிலைய வாசலில் சென்னியப்பன் பதறினார். "இந்த வெயில்ல எதுக்கு கண்ணு இதெல்லாம்? பெட்டியில போட்டுக்கலாமுல்ல?"

"நீங்க பாக்கோணுமில்லீங்கப்பா?" கவிதா வியர்வை வழிய, கைகளை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "பாருங்க... கோஸ்!"

சிரித்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் மறைகிற வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் நின்றார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோஸ் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நான் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தது வாழையைத்தான்.