தலைவர் கவிழ்ந்தார், பேட்டரி தீரவில்லை

செஞ்சி பஜாரில் பாத்திரக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருப்பது மெஹ்ரீனின் வீடியோ கடை. மெஹ்ரீனுக்கு நாற்பது வயது. பதினைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்கிறாள். அவள் எடுத்த படத்தில் ஒரு துண்டுகூட வேண்டாதவர் கண்ணில் பட்டதில்லை. அதனால் எல்லா வீட்டுக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் பேட்டரி அக்கா.

அந்தப் பெயர் வரக் காரணம் மாஹிரா என்ற பெண்ணின் நிக்காஹ். தொழிலுக்கு வந்த முதல் வருடம். மெஹ்ரீன் அன்று பிரியாணி தம் உடைத்ததை எடுத்தாள், மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்ததை எடுத்தாள், தூங்கும் குழந்தைகளை எடுத்தாள். கடைசியில் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்ட நொடியில் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. "இன்னொரு தபா கேளுங்க ஹஜ்ரத், பேட்டரி மாத்திடுவா" என்று பெண்ணின் அம்மா கெஞ்சினாள். "மறுபடி கேட்டா பொண்ணு யோசிக்க ஆரம்பிச்சிடும்மா" என்று நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து மெஹ்ரீனிடம் இருந்த ஒவ்வொரு பேட்டரிக்கும் நகப்பூச்சில் ஒரு எண் உண்டு. எது எத்தனை நிமிடம் தாங்கும் என்பது அவளுக்குத் தன் பிள்ளைகளின் மார்க்கைவிட நன்றாகத் தெரியும். நோஞ்சான் பேட்டரிகளைக் காதுகுத்துக்கு மட்டும் எடுத்துப்போவாள்.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் செஞ்சி வட்டார நீர் சாகசக் கழகம் வந்தது. கழகத்துக்கு முப்பத்தொரு நிர்வாகிகள், ஒரு கயாக் படகு. வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது, பதவி இல்லாமல் சேர ஒருவரும் சம்மதிக்கவில்லை. நீச்சல் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் கழகம் அன்றே கலைந்திருக்கும்.

தலைவர் பாலமுரளி. பஜாரில் பெயிண்ட், பைப், ஆணி விற்கும் கடைக்காரர். கல்லாவுக்குப் பின்னால் குடம் அளவுக்கு ஒரு கோப்பை பளபளக்கும். அதில் 'அகில இந்தியத் துடுப்புப் போட்டி' என்று எழுதியிருக்கும். எந்த வருடம் என்று எழுதியிருக்காது.

செயலாளர் ஜெயராமன், தண்ணீருக்குள்ளும் படம் எடுக்கும் புது ஆக்‌ஷன் கேமராவைக் கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தலைவரோடு வந்தார். காணும் பொங்கலன்று பனமலை ஏரியில் கழகத்தின் தொடக்க விழா. எல்லாவற்றையும் இந்தக் கேமராவில்தான் எடுக்க வேண்டுமாம்.

"என் கல்யாண கேமராவும் எடுத்துக்கிட்டு வரேனே?" என்றாள் மெஹ்ரீன்.

"வேணாம்மா. சாகசம்னா சாகச கேமராதான்" என்றார் பாலமுரளி. "எல்லாம் 4கே-ல வரணும். நேரலையும் போடணும்."

"தலைவரே, பேட்டரி ரெண்டுதான் இருக்குது. 4கே-ல எடுத்தா ஒண்ணு ஒரு மணி நேரம்கூட நிக்காது. ஏரிக்கரையில டவரும் கெடைக்காது. சிக்னலைத் தேடித் தேடியே தீந்துடும்."

"பவர் பேங்க் சொருவிக்கலாமில்ல?"

"ஒயரைச் சொருவணும்னா மூடியைத் தொறக்கணும். தொறந்தா தண்ணி பூந்துடும்."

பாலமுரளி ஜெயராமன் கையிலிருந்த கேமராவை வாங்கி அவளிடம் கொடுத்தார். "நீயே பாத்துக்க. ஆனா நான் பேசறது முழுசா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஹ்ரீன் மூன்று நாள் அந்தக் கேமராவோடு மல்லுக்கட்டினாள். வைஃபையை அணைத்தாள். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸை அணைத்தாள். வாயால் சொன்னால் ஓடும் வசதியை அணைத்தாள், தவில் சத்தத்தில் அது யார் பேச்சையும் கேட்கப்போவதில்லை. முன் திரை, மினுக்கும் சிவப்பு விளக்கு, கீச்சுச் சத்தம் எல்லாவற்றுக்கும் பூட்டு. படத்தின் துல்லியத்தை 4கே-யிலிருந்து ஒரு படி இறக்கினாள். ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதியும் பேட்டரியைத் தின்னும்தான். ஆனால் அதை அணைத்தால் படம் பார்ப்பவருக்கு வாந்தி வரும் என்று அதை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு கேமராவை ஓடவிட்டுத் தண்ணீர் அண்டாவில் போட்டு நேரம் பார்த்தாள். முகம் கழுவ அண்டாவில் கைவிட்ட கணவன் உசைர் தேள் என்று நினைத்து அலறியது அந்தப் படத்தில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஐம்பது நிமிடத்தில் தீர்ந்த பேட்டரி ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது.

காணும் பொங்கலன்று ஏரி நிறையத் தண்ணீர், கரை நிறைய ஜனம். காலை ஒன்பது மணிக்கு மேடையில் பேச்சு தொடங்கியது. பேச்சாளர்கள் பதினேழு பேர். மூன்றாவது ஆள் நீரின்றி அமையாத உலகைப் பற்றி இருபது நிமிடம் பேசியதும் மெஹ்ரீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பேச்சையெல்லாம் எடுத்தால் படகு தண்ணீரைத் தொடும்போது இரண்டு பேட்டரியும் செத்திருக்கும்.

அதுவரை பொத்தானை அழுத்தாமல் வைத்திருந்த கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். இரண்டையும் துண்டில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு, வெயில் படாமல் புளியமரத்தடியில் வைத்தாள். உயிரில்லாத கேமராவை ஸ்டாண்டில் மாட்டி அதன் பின்னால் பக்தியோடு நின்றாள். விளக்கும் கிடையாது, சத்தமும் கிடையாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேச்சாளர்கள் ஒவ்வொருவரும் துண்டைச் சரிசெய்துகொண்டு அதைப் பார்த்தே பேசினார்கள். "பதிவாகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், வருங்காலத் தலைமுறைக்கு ஒன்று சொல்கிறேன்" என்றார் ஒரு துணைத் தலைவர். வருங்காலத் தலைமுறை தப்பித்தது.

மதியம் ஒரு மணிக்கு ரோஜா மாலை போட்ட லைஃப் ஜாக்கெட்டோடு பாலமுரளி கயாக்கில் ஏறினார். பின்னால் ஜெயராமன். மெஹ்ரீன் படகின் முனையில் கேமராவை அவர்களைப் பார்த்து மாட்டி, முதல் பேட்டரியைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள்.

"ஓடுது தலைவரே. தொடாதீங்க."

தவில் உச்சத்தில் இருந்தது. அவர் காதில் விழவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்ததும் கேமராவை உற்றுப் பார்த்தார். ஒரு மினுக்கல் இல்லை.

"ஜெயராமா, கேமரா ஓடல. பேட்டரி அக்காவாம்! சும்மா ரெண்டு தள்ளு தள்ளிட்டுத் திரும்பிடலாம்."

"இன்னா தலைவரே இப்டிச் சொல்றீங்க? அகில இந்தியா அளவுல ஜெயிச்சவரு..."

"அட நீ வேற. அந்தக் கப்பு பாண்டிச்சேரி கடையில காசு குடுத்து வாங்குனது. நான் இதுல குந்துறதே இப்பதான். தண்ணின்னாலே எனக்குப் பயம். ஊட்ல ஷவரைக்கூட மெதுவாத்தான் தொறப்பேன்."

"எனக்கும் நீச்சல் தெரியாது தலைவரே."

"பின்ன எதுக்குய்யா செயலாளர் ஆன?"

"நீங்க கூப்டீங்க."

இதைச் சொல்லும்போது ஜெயராமன் கரையிலிருந்த தன் மனைவிக்குக் கையாட்ட எழுந்து நின்றார். அவ்வளவுதான். படகு குப்புறக் கவிழ்ந்தது. "ஐயோ, ஆழம்! ஆழம்!" என்று இரண்டு பேரும் தண்ணீரை அடித்தார்கள். கரையிலிருந்த இருபத்தொன்பது நிர்வாகிகளும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை.

பக்கத்தில் தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் கன்னியப்பன், அந்த ஏரியில் மீன் பிடிப்பவர். "ஐயா, எழுந்து நில்லுங்க. தொடையளவுதான் தண்ணி" என்றார். அவர்கள் நிற்கவில்லை. அவரே வந்து ஒருவரை மாலையைப் பிடித்தும் மற்றவரைச் சட்டையைப் பிடித்தும் தூக்கி நிறுத்தினார்.

பிறகு படகைக் கரைசேர்க்க நினைத்து அதை நிமிர்த்தி ஏறினார். துடுப்பை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். படகு வழுக்கிக்கொண்டு போனது. கன்னியப்பனுக்கு ஆசை வந்துவிட்டது. ஏரியின் மறுகரை வரை ஒரே மூச்சில் ஓட்டினார். கரையிலிருந்து "கொண்டாய்யா படகை!" என்று கத்தியவர்களைப் பார்த்து, உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

மறுநாள் நிர்வாகிகள் எல்லாரும் கடை வாசலில் திரண்டார்கள். மெஹ்ரீன் முந்தைய இரவே முழுப் படத்தையும் பார்த்திருந்தாள். பாலமுரளியை மட்டும் உள்ளே அழைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். கப்பு, ஷவர் எல்லாம் இருந்தது. தண்ணீருக்கடியில் தலைகீழாகத் தொங்கிய கேமராவில், கலங்கலுக்கு நடுவே நான்கு கால்கள் தெரிந்தன. பாதங்கள் தரையில் ஊன்றியிருந்தன. முட்டிகள்தான் மடங்கியிருந்தன.

பாலமுரளி வேர்த்துப்போய் வெளியே வந்தார். "ஒண்ணும் வரல. பேட்டரி பூட்ச்சாம்" என்று அறிவித்தார்.

மெஹ்ரீன் வாசலுக்கு வந்தாள். மாஹிராவின் நிக்காஹுக்குப் பிறகு அந்த வார்த்தையை யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. படத்தைப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் நம்பிக் கொடுத்தவர் வேண்டாம் என்ற படத்தை அவள் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

"பேட்டரி போவல" என்றாள். "நாப்பது பர்சென்ட் மிச்சம் இருக்குது. படமும் முழுசா இருக்குது. தலைவர் காட்ட வேணாங்கறாரு. அதனால காட்டல."

எல்லாத் தலையும் பாலமுரளி பக்கம் திரும்பியது.

"அப்ப எங்க பேச்சு?" என்றார் துணைத் தலைவர்.

"அது எடுக்கல. எடுத்திருந்தா படகை எடுக்கப் பேட்டரி இருந்திருக்காது."

பேச்சாளர்கள் கொதித்தார்கள். ஆனால் மற்ற பதினாறு பேரின் பேச்சும் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமாதானமானார்கள்.

காட்டாத படத்தை ஊர் தானே எடுக்கத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டுக் கதையில் தலைவர் முதலையைப் பார்த்து மயங்கினார். டீக்கடையில் ஜெயராமனை மிதித்து அவர் மேல் ஏறி நின்றார். ரேஷன் கடை வரிசையில் அவர் வேட்டியே ஏரியோடு போய்விட்டது. பெயிண்ட் வாங்க வந்தவர்கள் வேட்டியைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். எட்டாம் நாள் பாலமுரளி மெஹ்ரீன் கடைக்குள் பக்கவாட்டில் நுழைந்தார்.

"அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிடும்மா. நடந்தது இதைவிடத் தேவலை."

"கப்பு விஷயமும் வரும் தலைவரே. வெட்டிடட்டுமா?"

"வெட்டினா அங்க வேற எதையாவது சொருவிடுவானுங்க. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாலை பெயிண்ட் கடை வாசலில் பெரிய டிவியை வைத்து மெஹ்ரீன் படத்தை ஓட்டினாள். பஜாரே கூடியிருந்தது. கப்பு விஷயம் வந்தபோது சிரித்தார்கள், ஷவருக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாலமுரளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் வேட்டி கடைசிவரை இடுப்பிலேயே இருந்தது. "இவ்ளோதானா?" என்று ஒருவர் ஏமாந்துபோய்க் கேட்டார். முதலைக் கதையைப் பரப்பியவர் பாதியில் எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் கன்னியப்பன் வந்தார். கொக்குகள் எழும்ப, கோயில் கோபுரத்தின் நிழலைக் கிழித்துக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ முனகிப் பாடியபடி அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. "நான் இப்டியா பாடறேன்?" என்று கன்னியப்பன் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டார். மெஹ்ரீன் ரிமோட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். அன்று பேட்டரி மிச்சம் இருந்ததற்கு அவளுக்கு முதல்முறையாக உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

கழகம் அவசரக் கூட்டம் போட்டு, பாலமுரளியையே நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நிர்வாகிகளில் ஏரித் தண்ணீருக்குள் போய்வந்த அனுபவம் அவருக்கும் ஜெயராமனுக்கும் மட்டுமே இருப்பதாகத் தீர்மானத்தில் எழுதினார்கள். நீச்சல் சொல்லித்தரக் கன்னியப்பனைக் கேட்டபோது, அவர் பதவி எதுவும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஞாயிறு காலைகளில் முப்பத்தொரு பேரில் நான்கு பேர் வருகிறார்கள். பாலமுரளி முழங்காலளவுத் தண்ணீர் வரை வந்திருக்கிறார்.

மெஹ்ரீனும் உசைரின் பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு வருகிறாள், படம் எடுக்க இல்லை, நீந்தக் கற்றுக்கொள்ள. போன வாரம் மிதவையைப் பிடிக்காமல் பத்துக் கை போட்டாள். பாதியில் மூச்சு வாங்கியது. கரையிலிருந்து பாலமுரளி, "எழுந்து நில்லும்மா, தொடையளவுதான்!" என்று கத்தினார்.