கம்பெனித் துணியும் காம்போ செட்டும்

புதுத் துணியின் வாசனை என்றால் பலருக்கும் கஞ்சி மொடமொடப்பு நினைவுக்கு வரும். எனக்கு வருவது புளித்துப்போன முட்டைக்கோஸில் மருந்தைக் கலந்தாற்போன்ற ஒரு நெடி. கடலூர் முதுநகரில் எங்கள் தெருப்பக்கம் தெற்கே இருந்து காற்றடித்தால் வருகிற சிப்காட் நெடிதான் அது. அப்பா அங்கே ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கு முன்னால் யூனிஃபார்ம் தைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியில் துணி கொடுப்பார்கள். சைக்கிள் கேரியரில் பழைய டியூபால் கட்டி அப்பா அதைக் கொண்டுவந்து இறக்கும்போது துணியோடு அந்த நெடியும் வீட்டுக்குள் வரும். எத்தனை முறை அலசினாலும் பொங்கல் வரைக்கும் போகாது.

இளநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட டெரிகாட்டன். அப்பா பழைய சட்டைகளையே இன்னொரு வருஷம் போட்டுக்கொள்ள, புதுத் துணி முழுக்க அம்மாவின் கத்திரிக்கோலுக்கு வந்துவிடும். அதில் தம்பிக்குச் சட்டை, எனக்குக் கவுன், அம்மாவுக்கு ஜாக்கெட், மிஞ்சியதில் தலையணை உறை, அதிலும் மிஞ்சியதில் டிபன் பை என்று வீடே கோடு போட்டுக்கொண்டு நிற்கும். வேறு துணி கேட்டு நான் முகத்தைத் தூக்கினால் அம்மாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். “ஒடம்பு மறையணும், தொவச்சா வெளுக்கணும். அதுக்கு மேல துணிகிட்ட என்னாத்த கேக்கப்போற நீ?”

அம்மாவிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. எல்லாரும் ஒரே துணியில் இருந்தால் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தாலும் தன் ஜாக்கெட்டைக் காட்டி, இதே துணியில் ஒரு குழந்தையைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடலாமாம். இதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் அதில் இருந்த ஓட்டை தெரியவில்லை. ஏனென்றால் அந்த அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் வீட்டிலும் அதே கம்பெனித் துணிதான் பிள்ளைகளின் முதுகில் இருந்தது. மற்ற பிள்ளைகள் எங்களைப் ‘பேண்டு செட்டு’ என்று கூப்பிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பு படித்தபோது மார்கழியில் தேர் பார்க்கப் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போனோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, அங்கே தெற்கு வீதிக்குப் பின்னால் குடியிருந்தார். வழக்கம்போல் நாங்கள் மூன்று பேரும் இளநீலக் கோடு; அப்பாவும் அன்றைக்கென்று நல்ல யூனிஃபார்ம் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். வீதியில் நெரிசல். தேரின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி இருந்த நான் தலையைக் குனிந்தபோது எனக்கு முன்னால் அந்த இளநீலக் கோடு போய்க்கொண்டிருந்தது. அந்தச் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் அதே கோட்டில் ஒரு ஜாக்கெட், அதே கோட்டில் சின்னச் சின்னச் சட்டைகள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம் கூட்டம் முன்னைவிடப் பெருகியிருக்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை.

மேல வீதித் திருப்பத்தில் பொரிகடலைக் கடை ஓரமாக அந்தக் குடும்பம் நின்றது. அந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார். நானும் கையை நீட்டினேன். எனக்கும் ஒரு பிடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் நிதானித்து, கைகளை ஒருமுறை பார்த்தார்.

“ஏங்க, நம்ம புள்ளைங்க மூணுதான? இங்க நாலு கையி நீட்டுது.”

அவர் கணவர் குனிந்து என் கவுனைத் தொட்டுப் பார்த்தார். “துணி நம்முளுதுதான். ஆளு நம்முளுது இல்ல” என்றார். பிறகு, “உங்கப்பா எந்த பிளாண்ட்டு பாப்பா?” என்று கேட்டார். எனக்கு அது தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: “நைட் ஷிப்ட்டு.”

அதே நேரம் வீதியின் மறுகோடியில் அம்மா தன் ஜாக்கெட் கையைப் பிடித்துக் காட்டி வருவோர் போவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்தோம் என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியில் லீவு கிடைத்தவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு தேருக்கு வந்திருந்த நாள் அது. ஒருவர் கோபுரவாசல் பக்கம் கைகாட்ட, அங்கே போனால் வேறு பெண். இன்னொருவர் வளையல் கடைக்கு அனுப்ப, அங்கே வேறு பையன். கடைசியாகப் பொரிகடலைக் கடைக்கு அனுப்பப்பட்டபோது அங்கேயும் வேறு யாராவதுதான் நிற்பார்கள் என்று நினைத்தபடியே வந்தவருக்கு அது நானாகப் போயிற்று.

அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அங்கேயே திட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு அம்மாவின் ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “கைக்குப் பத்துச்சாங்க?” என்று கேட்டார். “எங்க பத்துச்சு, அக்குள்ல ஒட்டுப் போட்டுத்தான் தச்சேன்” என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். நான் ஒரு கையில் பொரியோடு அழுதுகொண்டு நின்றேன்.

அத்தை வீட்டுக்குத் திரும்பியதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நடந்ததைக் கேட்ட அத்தை, “அடுத்த வருஷம் புள்ளைங்க முதுகுல நம்பர் அடிச்சுக் கூட்டியாங்க அண்ணி. கம்பெனிக்கே பெத்துக் குடுத்த மாரி இருக்கு” என்றார். அம்மா தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். சாயங்காலம் அத்தை என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிக்குள் தொங்கிய ஒரு கவுனை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிற வலைத்துணி, கழுத்தைச் சுற்றிச் சம்க்கி வேலை. ‘மாடல் டிரஸ்’ என்றார் கடைக்காரர். இந்த மாடலில் இது ஒன்றுதான் வந்தது என்றும் சொன்னார். அந்த ‘ஒன்றுதான்’ போதுமாயிருந்தது எனக்கு. ஊர் திரும்பும்வரை அதைக் கழற்றவில்லை. கழுத்தில் சிவப்புச் சிவப்பாய்க் கோடு விழுந்து எரிந்தது. சொன்னால் பிடுங்கி வைத்துவிடுவார்களே என்று சொல்லவில்லை.

எப்படியும் பிடுங்கித்தான் வைத்தார்கள். நல்ல நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவுக்குள் போன அந்தக் கவுன், ஒவ்வொரு நல்ல நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிறுத்து, ஒருநாள் என் தலை வழியாகவே இறங்காமல் நின்றுவிட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வந்தபோது அம்மா அதையும் பழைய சட்டைகளோடு எடுத்துப் போட்டார். அவர் கம்பெனித் துணிச் சட்டைகளை வாங்கிக்கொண்டு, வலைக்கவுனை மட்டும் விரலால் ஒதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். துடைக்கக்கூட ஆகாதாம்.

இவ்வளவையும் இப்போது கிளறக் காரணம் என் கொழுந்தனார் கல்யாணம். சிதம்பரத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள் என்னை. இங்கே ஒரு பள்ளியில் வேலை, நாலு வயதில் மகள். கல்யாணத் தேதி குறித்த மறுநாளே நாத்தனார் குடும்பக் குரூப்பில் படங்களை வரிசையாகப் போட்டார். பாண்டிச்சேரியில் ஒரு டிசைனர் பொட்டீக். ‘ஃபேமிலி காம்போ’. கணவருக்குக் குர்தா, எனக்கு ஜாக்கெட், மகளுக்கு லெஹங்கா. எல்லாம் ஒரே துணியில், ஒரே அரக்குச் சிவப்பில். நாத்தனார் வீட்டுக்கும் அதே, சின்ன மாமியார் வீட்டுக்கும் அதே. போட்டோவில் எல்லாரும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். என் அம்மா வேறு வழியில்லாமல் செய்ததைச் செய்து தருவதற்கு இப்போது டிசைனர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கும் கூலியில் அந்நாளில் எங்கள் தெருவுக்கே தீபாவளித் துணி எடுத்திருக்கலாம்.

எனக்கு எரிச்சல் விலையில்கூட இல்லை. மகளுக்குத் தோல் ஒத்துக்கொள்ளாது. போன பிறந்தநாளைக்கு இப்படித்தான் ஒரு வலைக்கவுனை மாட்டிவிட்டு, கேக் வெட்டுவதற்குள் கழுத்தெல்லாம் தடித்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜரிகையும் வலையும் தோலில் நேராகப் படக்கூடாது என்றார் டாக்டர். அதனால் உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தர முடியுமா என்று பொட்டீக்கில் கேட்டேன். வைத்தால் துணியின் ‘ஃபால்’, அது மடிப்பு மடிப்பாய் விழுகிற அழகு, கெட்டுவிடும் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உடனே, சொன்னால் நாத்தனார் என்ன நினைப்பார் என்றும் நினைப்பேன். வாங்கினால் குழந்தைக்குக் கஷ்டம். வாங்காவிட்டால் கல்யாணப் போட்டோவில் அவள் மட்டும் ஒதுங்கி நிற்பாள், பெரியவளாகி அதைப் பார்த்து என்னைக் கேட்பாள். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட இதே ஓட்டம். கணவரைக் கேட்டால், “உனக்கு எது சரின்னு படுதோ செய்யி” என்கிறார். எனக்கு எதுதான் சரியென்று பட்டது இதுவரைக்கும்?

அம்மாவாவது என் பக்கம் பேசுவார் என்று கடலூருக்குப் போன் போட்டேன். அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: “நான் ஒரே துணில தச்சது ஸ்டைலுக்காடி? கதியில்லாம தச்சேன். ஒங்க அத்தை சொன்னது இன்னிக்கும் என் காதுல கேக்குது. ஒனக்கு எடுக்க முடியுதில்ல, எடுத்துக் குடு. அவுங்க வூட்டு விசேஷத்துல நம்ம புள்ள தனியா நிக்க வேணாம்.”

அத்தனை வருஷமாக அம்மாவுக்கு அது உறைக்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபேச்சில்லாமல் ஆர்டர் கொடுத்தேன். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகியிருந்த பருத்திக் கவுன் ஒன்றையும், அது அழுக்கானால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் கல்யாணப் பையின் அடியில் வைத்தேன்.

வரவேற்பு மாலையில் மகள் லெஹங்காவைப் போட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் சுற்றினாள். என் ஜாக்கெட் கையையும் தன் பாவாடையையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்து, “அம்மா, நீயும் நானும் ஒண்ணு” என்றாள். நான் வெறுத்த விஷயம் அவளுக்கு இப்படி இனிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் சில போட்டோக்கள் வரை சிரித்தாள். பிறகு கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். நான் மேடையில் யாரோ கொடுத்த பரிசை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பியபோது ஆளைக் காணவில்லை.

மண்டபம் முழுக்கத் தேடினேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் என் ஜாக்கெட் கையைப் பிடித்துக் காட்டி, “இதே துணியில ஒரு சின்னப் பொண்ணு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் நல்ல மனதோடு மூன்று திசையில் கைகாட்டினாள். எல்லாத் திசையிலும் அரக்குச் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் என்னுடையது இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தாள். அந்த வழியாக முன்னாலேயே நான் கடந்துபோயிருக்கிறேன். சிவப்பைத் தேடிய கண்ணுக்கு மஞ்சள் பருத்திக் கவுன் தெரியவில்லை. பக்கத்தில் கணவர் அவள் கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். லெஹங்கா அவர் தோளில் துண்டுபோல் கிடந்தது.

“அழுவுது. கழட்டிட்டேன். அக்கா கேட்டா நான் சொல்லிக்கறேன்” என்றார்.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். குடும்பப் போட்டோ இன்னும் பாக்கி. குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டரே சொன்னார், ஒரே ஒரு போட்டோவுக்கு வேண்டுமானால் திரும்ப மாட்டிவிடுகிறேன் என்று நான் மூச்சுவிடாமல் அடுக்க ஆரம்பித்தேன். நாத்தனார் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. மஞ்சள் கவுனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். அவர் பெண்ணின் கழுத்தும் சிவந்து தடித்திருந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும் நித்யா” என்றார் குரலைத் தாழ்த்தி. “இந்த மாரி இன்னொண்ணு வச்சிருக்கியா?”

இருந்தது. அவர் பெண்ணுக்கு அது முழங்காலுக்கு மேலேயே நின்றது. இரண்டும் பந்திக்கு நடுவில் ஓடி விளையாடின. குடும்பப் போட்டோவில் அரக்குச் சிவப்பு வரிசைக்கு முன்னால் வெளுத்துப்போன இரண்டு கவுன்கள் நிற்கின்றன; போட்டோக்காரர் மட்டும் முணுமுணுத்தார்.

கம்பெனியில் இப்போது மீட்டர் துணி கொடுப்பதில்லை; தைத்த சட்டையாகவே, மார்புப் பையில் கம்பெனி முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். அதில் குழந்தைக்குக் கவுன் வெட்ட முடியாது. துணியைத் தொட்டுப் பார்த்து உங்கப்பா எந்த பிளாண்ட்டு என்று வீதியில் யாரும் கேட்கவும் முடியாது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருப்பக்கம் வந்தும் வெகுகாலமாகிறது. அரக்குச் சிவப்பு லெஹங்கா என் பீரோவில் கவரோடு தொங்குகிறது. அதைத் துவைக்கக்கூடாதாம், மடிக்கவும் கூடாதாம். டிசைனர் துணி வாங்கலாமா என்று பள்ளியில் என்னைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையை முழுக்கச் சொல்ல நேரமிருப்பதில்லை. கழுத்து ஓரத்தை உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்றுக் குரூப்பில் மறுபடி படங்கள் வந்தன. நாத்தனார் தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் காம்போ செட் பச்சையா, மயில்நீலமா என்று கேட்டிருந்தார். கல்யாணத்தில் நடந்தது ஒருவருக்கும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை. எரிச்சலில் நான் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், “உங்க இஷ்டம் அண்ணி” என்று போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் மகளுக்கும் நாத்தனார் பெண்ணுக்குமாக நாலு கவுனுக்குப் பருத்தித் துணி எடுத்துவந்தேன்.

நாலுக்கும் ஒரே துணி.